செல்லுல தெரியறது ஒண்ணு, வேரியபிள்ல வந்து விழறது இன்னொண்ணு

எக்ஸெல் மேக்ரோ (ஷீட்டு வேலையை தானா செய்ய வைக்கிற கோடு) எழுத ஆரம்பிச்சவங்க கேக்குற சந்தேகம் நிறைய ஒரே சந்தேகம்தான், வேஷம் மட்டும்தான் மாறும். "செல்லுல 10ன்னு பளிச்சுனு தெரியுது, ஆனா மேக்ரோ அதை 10ஆ எடுத்துக்க மாட்டேங்குது." "கூட்டினா ஒட்டிக்குது." "நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு புது டேட்டா போட்டதும் ஓவர்ஃப்ளோன்னு நிக்குது." இதுக்கெல்லாம் அடியில கிடக்கறது ஒரே விஷயம். செல்லும் வேரியபிளும் ரெண்டுமே ஒரு மதிப்பை போட்டு வைக்கிற பெட்டின்னு நினைச்சுக்கறோம், அது அப்படி இல்ல. செல்லுங்கறது ஷீட்டோட ஆளு, அதுக்கு உள்ள ஒரு மதிப்பு, வெளிய ஒரு தோற்றம், பின்னாடி ஒரு ஃபார்முலா, மேல ஒரு ஃபார்மட்னு நாலஞ்சு முகம் இருக்கு. வேரியபிள் விபிஏவோட (மேக்ரோ எழுதற மொழி) ஆளு, அதுக்கு ஒரு டைப், அதாவது எந்த வகை மதிப்புங்கறது, மட்டும்தான். ஒரு மதிப்பு அங்கிருந்து இங்க வரும்போதும், இங்கிருந்து அங்க போகும்போதும், யாரும் கேக்காமலே ஒரு மாற்றம் நடக்குது. அந்த வாசல்லதான் எல்லா கோளாறும்.

(கோடு வர்ற இடத்துல எல்லாம் உச்சரிப்பை தமிழ்லயே எழுதியிருக்கேன், எடிட்டர்ல அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்துல அடிச்சுக்குங்க.)

எல்லாரும் முதல்ல எழுதற வரியில இருந்தே ஆரம்பிப்போம்.

டிம் மார்க் ஆஸ் டபுள்
மார்க் = ரேஞ்ச்("ஏ1").வேல்யூ

முதல் வரி மார்க்ங்கற வேரியபிளை டபுள்னு (தசமமும் வைக்கிற நம்பர் டைப்) அறிவிக்குது. ரெண்டாவது வரியில சமக்குறி இருக்கறதால ஏ1ம் மார்க்கும் இனிமே ஒண்ணுன்னு தோணும், முக்கியமா ஷீட்ல ஃபார்முலா போட்டே பழகினவங்களுக்கு. ஷீட்ல ஒரு செல்லுல =ஏ1ன்னு போட்டா ஏ1 மாறும்போது இதுவும் மாறும்ல, அதே நினைப்பு. ஆனா மேக்ரோவுல அந்த வரி ஓடின நிமிஷத்துல ஏ1 எப்படி இருந்துச்சோ அதை ஒரு போட்டோ எடுத்து வெச்ச மாதிரிதான், அதுக்கப்புறம் ஏ1ல என்ன நடந்தாலும் மார்க்குக்கு தெரியாது, மார்க்கை 500 ஆக்கினாலும் ஏ1க்கு தெரியாது. செல்லு மாறணும்னா நீங்களே ரேஞ்ச்("ஏ1").வேல்யூ = மார்க் அப்படின்னு திருப்பி எழுதணும்.

போட்டோ வேண்டாம், அந்த செல்லையே பிடிச்சு வெச்சுக்கணும்னா அதுக்குத்தான் செட்.

டிம் ஆர் ஆஸ் ரேஞ்ச்
செட் ஆர் = ரேஞ்ச்("ஏ1")

இப்ப ஆர்ங்கறது மதிப்பு இல்ல, செல்லேதான். எப்ப ஆர்.வேல்யூன்னு கேட்டாலும் அந்த நேரத்து மதிப்பு வரும். இதுல ஒரு அழகான விஷயம் என்னன்னா மேல ஒரு ரோவை இன்சர்ட் பண்ணினா ஆரும் கூடவே கீழ இறங்கிடும், ஆர்.அட்ரஸ் கேட்டா ஏ2ன்னு சொல்லும். "ஏ1"ன்னு ஸ்ட்ரிங்கா (வெறும் எழுத்தா) எழுதி வெச்ச கோடுக்கு இந்த அறிவு கிடையாது, அது பழைய இடத்தையே பார்த்துட்டு நிக்கும். அதனால ரோவை சேர்க்கற, தூக்கற மேக்ரோவா இருந்தா செட் போட்டு பிடிச்சுக்கறதுதான் சரி.

செட்டை விட்டுட்டா என்ன ஆகும்ங்கறதுல ஒரு சின்ன விளையாட்டு இருக்கு. ஆரை ரேஞ்ச்னு அறிவிச்சிருந்தா எரர் 91 வந்து நின்னுடும், நல்லதுதான், தெரிஞ்சு போச்சு. ஆனா டைப் எதுவும் சொல்லாம வேரியன்ட்டா (எந்த வகை மதிப்பையும் ஏத்துக்கற டைப்) விட்டிருந்தா எரரே வராது, ரேஞ்சோட டிஃபால்ட் ப்ராப்பர்ட்டி வேல்யூங்கறதால சத்தம் இல்லாம மதிப்பை மட்டும் எடுத்துக்கும். செல்லை வெச்சிருக்கோம்னு நீங்க நினைச்சுட்டு இருப்பீங்க, கையில இருக்கறது வெறும் நம்பர். அப்புறம் பத்து வரி தள்ளி ஆர்.ஆஃப்செட்னு எழுதும்போது ஆப்ஜெக்ட் ரிக்வயர்டுன்னு 424 வரும், தப்பு எங்கயோ, எரர் எங்கயோ.

அடுத்து டைப். செல்லுக்குள்ள இருக்கற நம்பர் எதுவா இருந்தாலும் எக்ஸெலுக்கு அது டபுள்தான், 10ன்னு முழு எண் போட்டாலும் சரி. இமீடியட் விண்டோவ திறந்து (கன்ட்ரோல் ஜி) ? டைப்நேம்(ரேஞ்ச்("ஏ1").வேல்யூ) அடிச்சு பாருங்க, டபுள்னு சொல்லும். இந்த டைப்நேம் மாதிரி உதவுற ஃபங்ஷன் விபிஏல வேற இல்லைன்னே சொல்வேன், சந்தேகம் வந்தா முதல்ல இதை கேளுங்க, அப்புறமா கூகுளை கேளுங்க.

அந்த டபுளை நீங்க இன்டிஜர்ல (முழு எண் டைப்) வாங்கினீங்கன்னா ரெண்டு ஆபத்து. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, விபிஏ இன்டிஜர் 16 பிட், 32,767 வரைக்கும்தான் போகும், அதுக்கு மேல போனா ஓவர்ஃப்ளோ, எரர் நம்பர் 6. ரோ நம்பரை எண்ணற லூப்புக்கு இன்டிஜர் போடுற பழக்கம் இன்னும் போகல, பழைய பாடங்கள்ல அப்படித்தான் இருக்கும், அதுக்கும் ஒரு நியாயம் இருக்கு. 1993ல எக்ஸெல் 5லதான் விபிஏ வந்துச்சு, அப்ப ஒரு ஷீட்டுக்கு 16,384 ரோதான், இன்டிஜர் தாராளமா போதும். எக்ஸெல் 97ல 65,536 ஆச்சு, அப்பவே பத்தாது. 2007ல 10,48,576 ஆயிடுச்சு. ஆனா மக்கள் கை இன்னும் இன்டிஜர்னுதான் அடிக்குது. சின்ன டேட்டாவுல டெஸ்ட் பண்ணும்போது பிரச்சினையே தெரியாது, பெரிய ஃபைல் வர்ற அன்னைக்கு 32,768வது ரோவுல போய் விழும். லாங் (பெரிய முழு எண் டைப்) போடுங்க, எல்லா இடத்துலயும் லாங்கே போடுங்க, மெமரி மிச்சம் பிடிக்கறேன்னு இன்டிஜர் போடறதுக்கெல்லாம் இன்னைக்கு அர்த்தமே இல்ல.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். லாங்கா அறிவிச்ச வேரியபிள்ல 200 * 200ன்னு போட்டாலும் ஓவர்ஃப்ளோ வரும்! ஏன்னா 200ங்கறது ரெண்டுமே சின்ன நம்பர், விபிஏ அதை இன்டிஜரா எடுத்துக்கிட்டு இன்டிஜராவே பெருக்கும், 40,000 வந்ததும் அங்கயே உடைஞ்சிடும், லாங் வேரியபிள் கிட்ட வந்து சேரவே சேராது. ஏதாவது ஒண்ணை சிலாங்(200)னு மாத்தி எழுதினா போதும்.

ரெண்டாவது ஆபத்துக்கு எரரே கிடையாது, அதனாலதான் அது மோசம். செல்லுல 2.5 இருக்கு, அதை இன்டிஜர்லயோ லாங்லயோ வாங்கினா எவ்வளவு வரும்? 3ன்னு தோணும், வராது, 2தான் வரும். 3.5க்கு 4 வரும். விபிஏ சரிபாதியா இருக்கற நம்பரை பக்கத்துல இருக்கற இரட்டைப்படை எண்ணுக்கு தள்ளும். விபிஏவோட ரவுண்ட் ஃபங்ஷனும் இதே கதைதான், ஆனா ஷீட்ல இருக்கற ரவுண்ட் ஃபார்முலா 2.5ஐ 3 ஆக்கும். ஒரே பேரு, ரெண்டு விடை. ஷீட்ல வர்ற மாதிரியே வேணும்னா அப்ளிகேஷன்.வொர்க்ஷீட்ஃபங்ஷன்.ரவுண்டை கூப்பிடுங்க. மார்க் ஷீட்டை ரவுண்ட் பண்ற மேக்ரோவுல இந்த வித்தியாசம் தெரியாம இருந்தா அரை மார்க் எங்க போச்சுன்னு தேடிட்டே இருப்பீங்க.

அறிவிப்பு பத்தி பேசும்போது இதையும் சொல்லிடறேன். டிம் ஏ, பி, சி ஆஸ் லாங்னு எழுதினா மூணும் லாங்னு எல்லாரும் நம்புறாங்க, வேற சில மொழிகள்ல அப்படித்தான், இங்க சி மட்டும்தான் லாங், ஏயும் பியும் வேரியன்ட். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆஸ் லாங் போடணும். அப்புறம் மாட்யூல் (கோடு எழுதற பக்கம்) தலையில ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்னு ஒரு வரி வேணும், எந்த வேரியபிளையும் அறிவிக்காம யூஸ் பண்ண விடாது. இது இல்லைன்னா டோட்டல்ங்கற வேரியபிளை ஒரு இடத்துல எழுத்து மாத்தி டோட்டால்னு அடிச்சாலும் விபிஏ சந்தோஷமா புதுசா ஒரு வேரியபிள் உருவாக்கி, அதுல எம்ப்டியை போட்டு, கணக்குல 0ஆ சேர்த்துட்டு போயிடும். டூல்ஸ் மெனுவுல ஆப்ஷன்ஸ் போய் ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன் டிக் பண்ணிடுங்க, இனிமே புதுசா போடற மாட்யூல்ல எல்லாம் தானா வரும், பழைய மாட்யூல்ல நீங்கதான் கையால சேர்க்கணும்.

சரி, செல்லுக்கு நாலஞ்சு முகம்னு சொன்னேன்ல. அதுல மதிப்பை எடுக்கவே மூணு வழி, வேல்யூ, வேல்யூ2, டெக்ஸ்ட். டெக்ஸ்ட்ங்கறது கண்ணுக்கு தெரியறது அப்படியே ஸ்ட்ரிங்கா வரும். கேக்க நல்லா இருக்கும், ஆனா காலம் அகலம் பத்தாம செல்லுல #####ன்னு தெரிஞ்சா வேரியபிளுக்கும் அதே #####தான் வரும். யாரோ காலத்தை சுருக்கினதுக்காக கணக்கு தப்பா போறது எவ்வளவு கொடுமை. ரிப்போர்ட்ல காட்டறதுக்கு மட்டும் டெக்ஸ்ட், கணக்குக்கு வேண்டவே வேண்டாம்.

வேல்யூவுக்கும் வேல்யூ2வுக்கும் வித்தியாசம் ரெண்டே இடத்துல. செல்லுக்கு தேதி ஃபார்மட் இருந்தா வேல்யூ டேட் டைப்பா தரும், வேல்யூ2 வெறும் நம்பரா தரும், உதாரணமா 2024 ஜனவரி 1ன்னா 45292. செல்லுக்கு கரன்சி ஃபார்மட் இருந்தா வேல்யூ கரன்சி டைப்பா தரும், வேல்யூ2 டபுளா தரும். இந்த கரன்சி டைப்புக்கு தசமத்துக்கு அப்புறம் நாலு இலக்கம்தான். செல்லுல 1.23456789 இருந்து அதுக்கு பணக்குறி ஃபார்மட் போட்டிருந்தா, வேல்யூவால எடுத்த உடனே 1.2346 ஆயிடும், அதை திருப்பி அதே செல்லுல எழுதினா மிச்ச இலக்கம் போனது போனதுதான். ஃபார்மட்ங்கறது வெறும் மேக்கப்னுதான் நாம நினைக்கறோம், இங்க மேக்கப்பை மாத்தினா வேரியபிளுக்குள்ள வர்ற டைப்பே மாறுது பாருங்க. நான் கணக்குக்கு எப்பவும் வேல்யூ2தான், தேதின்னு தெரிஞ்சே எடுக்கும்போது மட்டும் வேல்யூ.

தேதியில ஒரு வேடிக்கை. ஷீட்ல 1ங்கற நம்பருக்கு தேதி ஃபார்மட் போட்டா 1900 ஜனவரி 1. அதே 1ஐ விபிஏல சிடேட்(1)னு கேட்டா 1899 டிசம்பர் 31! காரணம் என்னன்னா எக்ஸெல் 1900ஐ லீப் வருஷம்னு வெச்சிருக்கு, இல்லாத பிப்ரவரி 29ஐயும் ஒரு நாளா எண்ணும். லோட்டஸ் 1-2-3ங்கற பழைய ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேர்ல அந்த தப்பு இருந்துச்சு, அந்த ஃபைலோட ஒத்துப் போகணும்னு தெரிஞ்சேதான் அப்படியே எடுத்துக்கிட்டாங்க. விபிஏ பக்கம் அந்த தப்பு இல்லாம, ஆரம்பத்தை ஒரு நாள் பின்னாடி தள்ளி வெச்சுட்டாங்க. 1900 மார்ச் 1ல இருந்து ரெண்டும் ஒத்துப் போயிடும், அதனால நமக்கு நிஜத்துல தொந்தரவு இல்ல. ஆனா வெத்து செல்லை டேட் வேரியபிள்ல வாங்கினா நம்பர் 0, அதாவது 1899 டிசம்பர் 30னு ஒரு தேதி வந்து நிக்கும். ரிப்போர்ட்ல திடீர்னு 1899 தெரிஞ்சா பதறாதீங்க, எங்கயோ ஒரு செல் காலியா இருக்குன்னு அர்த்தம்.

காலி செல் தனி அத்தியாயம். உண்மையிலயே காலியா இருக்கற செல் வேரியன்ட்ல எம்ப்டின்னு வரும். லாங்ல வாங்கினா 0, ஸ்ட்ரிங்ல வாங்கினா "". மார்க் போடாத பையனும் 0 மார்க் வாங்கின பையனும் இந்த இடத்துல ஒண்ணாயிடுவாங்க. அதனால செல்லுல இருந்து எடுக்கறதை முதல்ல வேரியன்ட்ல வாங்கி, என்னன்னு பார்த்துட்டு, அப்புறமா டைப் உள்ள வேரியபிள்ல போடறதுதான் நல்ல பழக்கம். இஸ்எம்ப்டின்னு கேட்டா தெரிஞ்சிடும்தான், ஆனா செல்லுல ஃபார்முலா இருந்து அது "" குடுத்துச்சுன்னா கண்ணுக்கு காலி, இஸ்எம்ப்டிக்கு காலி இல்ல. லென் (எத்தனை எழுத்துன்னு எண்ணற ஃபங்ஷன்) போட்டு 0ஆன்னு பாருங்க, ரெண்டும் மாட்டும். இஸ்நியூமெரிக்கை நம்பி காலி செல்லை தள்ளிடலாம்னு நினைக்காதீங்க, எம்ப்டியை குடுத்தா அது ட்ரூன்னு சொல்லும்.

நம்பர் மாதிரி தெரியற டெக்ஸ்ட் இருக்கே, வேற சாஃப்ட்வேர்ல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணின ஃபைல்ல எல்லாம் இது கண்டிப்பா இருக்கும், ஓரத்துல பச்சை முக்கோணம் போட்டுக்கிட்டு. ஏ1ல "10", பி1ல "20", ரெண்டும் டெக்ஸ்ட். ரேஞ்ச்("ஏ1").வேல்யூ + ரேஞ்ச்("பி1").வேல்யூன்னு போட்டா 30 வராது, 1020 வரும், ஏன்னா ப்ளஸ் ரெண்டு பக்கமும் ஸ்ட்ரிங்கா இருந்தா ஒட்டிடும். ஒண்ணு டெக்ஸ்ட் ஒண்ணு நம்பர்னா கூட்டிடும்! இந்த ரெண்டுங்கெட்டான் குணத்தாலதான் சில ரோ சரியாவும் சில ரோ தப்பாவும் வரும். கூட்டல் இதாவது பரவால்ல, பார்த்தா தெரிஞ்சிடும். ஒப்பிடறதுதான் கண்ணுக்கே தெரியாது. ஒரு செல்லுல டெக்ஸ்டா "5", இன்னொண்ணுல நம்பரா 100, ரெண்டு வேல்யூவையும் நேரா எடுத்து எது பெருசுன்னு கேட்டா 5தான் பெருசுன்னு சொல்லும் விபிஏ. வேரியன்ட்ல ஒரு பக்கம் ஸ்ட்ரிங், ஒரு பக்கம் நம்பர் இருந்தா ஸ்ட்ரிங்தான் எப்பவும் பெருசுன்னு ஒரு விதி. சிடபுள் போட்டு மாத்தி டபுள் வேரியபிள்ல வாங்கிட்டு ஒப்பிட்டா இந்த தலைவலியே கிடையாது, டைப் அறிவிக்கறதோட உண்மையான லாபம் இதுதான், வேகம் எல்லாம் அப்புறம்.

எரர் இருக்கற செல்லு, #என்/ஏ மாதிரி, அது ஸ்ட்ரிங்கும் இல்ல நம்பரும் இல்ல, எரர்னே தனி வகை. டபுள்ல வாங்கினா டைப் மிஸ்மேட்ச், 13. இஸ்எரர் போட்டு பார்க்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா இஃப் நாட் இஸ்எரர்(வி) ஆண்ட் வி > 10 தென்னு ஒரே வரியில எழுதுவாங்க, அப்பவும் 13 வரும். விபிஏ ஆண்ட் முதல் பாதி பொய்னு தெரிஞ்சாலும் ரெண்டாவது பாதியையும் போய் பார்த்துட்டுதான் வரும். ஒரு இஃப்புக்குள்ள இன்னொரு இஃப்பா பிரிச்சு எழுதறதுதான் சுலபமான வழி.

இதுவரைக்கும் செல்லுல இருந்து வேரியபிளுக்கு வர்ற வழி. திரும்பிப் போற வழியில எக்ஸெல் ஒரு அதிகப்பிரசங்கி. ஸ்ட்ரிங் வேரியபிள்ல "007" வெச்சு செல்லுல எழுதினா நீங்க கையால டைப் பண்ணினா என்ன பண்ணுமோ அதையே பண்ணும், 7 ஆக்கிடும். "1-2"ன்னு எழுதினா தேதி ஆக்கிடும். 16 இலக்க நம்பரை எழுதினா 15 இலக்கத்துக்கு மேல ஞாபகம் வெச்சுக்காது, கடைசி இலக்கம் 0 ஆயிடும். எழுதறதுக்கு முன்னாடியே அந்த செல்லோட நம்பர்ஃபார்மட்டை "@" (டெக்ஸ்ட் ஃபார்மட்) ஆக்கிடணும், எழுதினதுக்கு அப்புறம் மாத்தினா பிரயோஜனம் இல்ல, போன சைபர் போனதுதான். இந்த குணம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னா மனித ஜீன்கள்ல எஸ்ஈபிடி1, எம்ஏஆர்சிஹெச்1னு எல்லாம் பேர் இருந்துச்சு, எக்ஸெல் அதை செப்டம்பர் 1, மார்ச் 1ன்னு தேதியா மாத்திட்டே இருந்ததால, ஜீன்களுக்கு பேர் வைக்கிற கமிட்டி பேரையே மாத்திடுச்சு, 2020ல அதையே தன் வழிகாட்டுதல்லயும் எழுதி வெச்சுது. விஞ்ஞானிங்களே வழிவிட்டாங்கன்னா நாம "@" போடறதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

வேரியபிளை வெச்சு செல்லு முகவரியை உருவாக்கறது அடுத்த குழப்பம், இதை வேகமா சொல்லிட்டு போயிடறேன். ரேஞ்ச்("ஏஐ")ன்னு மேற்கோளுக்குள்ளயே லூப் வேரியபிளை எழுதினா விபிஏக்கு அது வெறும் எழுத்துதான். ரேஞ்ச்("ஏ" & ஐ)ன்னு வெளிய ஒட்டணும். அதைவிட செல்ஸ்(ஐ, 1) சுலபம், ஆனா இதுல ரோ முதல்ல, காலம் அப்புறம், ஏ1ங்கற பேர்ல காலம் முதல்ல. கடைசி ரோவை கண்டுபிடிக்க செல்ஸ்(ரோஸ்.கவுன்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ, இது எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்கற வரிதான், ஆனா ரோஸ்.கவுன்ட்டுக்கு பதிலா 65536ன்னு எழுதின பழைய கோடு இன்னும் உலாத்திட்டு இருக்கு, பார்த்தா மாத்திடுங்க.

எந்த ஷீட்டோட செல்லுங்கறது இன்னும் முக்கியம். சாதாரண மாட்யூல்ல வெறும் ரேஞ்ச்னு எழுதினா அந்த நேரத்துல எந்த ஷீட் முன்னாடி திறந்திருக்கோ அதை எடுத்துக்கும். அதே வரியை ஷீட்டோட கோடு பக்கத்துல எழுதினா அந்த ஷீட்டையே எடுத்துக்கும். வொர்க்ஷீட் டைப்ல ஒரு வேரியபிள், டபிள்யூஎஸ்னு வெச்சுக்குங்க, செட் டபிள்யூஎஸ் = திஸ்வொர்க்புக்.வொர்க்ஷீட்ஸ்("டேட்டா")ன்னு ஒரு தடவை எழுதிட்டு, அப்புறம் எல்லாத்துக்கும் முன்னாடி டபிள்யூஎஸ் புள்ளி. டபிள்யூஎஸ்.ரேஞ்ச்(செல்ஸ்(1, 1), செல்ஸ்(5, 3))னு வெளிய மட்டும் போட்டு உள்ள விட்டுட்டா, வேற ஷீட் திறந்திருக்கும்போது எரர் 1004 வரும். உள்ள இருக்கற ரெண்டு செல்ஸுக்கும் டபிள்யூஎஸ் புள்ளி வேணும்.

இப்ப நான் ரொம்ப நேரமா சொல்ல வந்தது. செல்லுக்கும் வேரியபிளுக்கும் நடுவுல உள்ள வாசலை கடக்கறது ஒவ்வொரு தடவையும் ஆபத்து மட்டும் இல்ல, மெதுவும் கூட. லூப்புக்குள்ள ஒவ்வொரு செல்லா தொட்டு படிச்சு, தொட்டு எழுதற மேக்ரோ ஏன் ஆமை மாதிரி போகுதுன்னா கணக்கு கஷ்டம்னு இல்ல, எக்ஸெலுக்கும் விபிஏக்கும் நடுவுல போற நடைதான், கூடவே எழுதற ஒவ்வொரு தடவையும் ரீகால்குலேஷன் வேற. ஒரே நடையில மொத்தத்தையும் அள்ளிட்டு வந்துடலாம்.

டிம் வி ஆஸ் வேரியன்ட்
வி = டபிள்யூஎஸ்.ரேஞ்ச்("ஏ2:சி5000").வேல்யூ2

அவ்வளவுதான், வி இப்ப ரெண்டு பரிமாண அரே (ரோவும் காலமுமா மதிப்புகளை அடுக்கி வெச்சது), வி(1, 1)ல ஏ2, வி(1, 3)ல சி2. அரே 1ல இருந்து ஆரம்பிக்கும், ஆப்ஷன் பேஸ் (அரே 0ல ஆரம்பிக்கணுமா 1லயான்னு சொல்ற வரி) எதுவா இருந்தாலும். ரேஞ்ச் ஒரே காலமா இருந்தாலும் ரெண்டு பரிமாணம்தான், வி(5)னு கேட்டா சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச், 9. ரேஞ்ச் ஒரே ஒரு செல்லா போயிட்டா அரேயே வராது, வெறும் மதிப்பு வரும், அப்ப யூபவுண்ட் (அரேயோட கடைசி எண்) கேட்டா எரர் 13. டேட்டா ஒரே ரோவும் ஒரே காலமுமா சுருங்குற நாள் ஒண்ணு வரும், அன்னைக்கு உடையும், அதனால இஸ்அரே போட்டு பார்த்துக்குங்க. லூப்பெல்லாம் அரேக்குள்ளயே ஓட்டிட்டு, கடைசியில டபிள்யூஎஸ்.ரேஞ்ச்("ஈ2").ரீசைஸ்(யூபவுண்ட்(வி, 1), யூபவுண்ட்(வி, 2)).வேல்யூ2 = வின்னு ஒரே வரியில திருப்பி கொட்டிடலாம். ஆயிரக்கணக்கான ரோவுக்கு வித்தியாசம் கண்ணுல தெரியும், ஸ்க்ரீன் அப்டேட்டிங்கை நிறுத்தறது மாதிரி ஒட்டுப்போடற வேலையெல்லாம் இதுக்கப்புறம் தேவைப்படறதே குறைவு.

ஏ காலத்துல இருந்து அள்ளினதை ஈ காலத்துல கொட்டினேன், கவனிச்சீங்களா? எடுத்த இடத்துலயே திருப்பி எழுதினா, அந்த இடத்துல எங்கயாவது ஃபார்முலா இருந்திருந்தா அது அழிஞ்சு வெறும் மதிப்பாயிடும். மேக்ரோ ஷீட்டை மாத்தினதும் அன்டூ லிஸ்ட்டும் காலி, கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது. ஃபார்முலா இருக்கற இடத்தை தொடணும்னா வேல்யூவுக்கு பதிலா .ஃபார்முலாவை அரேயில எடுத்து அதையே திருப்பி எழுதுங்க, ஃபார்முலா இருக்கற செல்லுல ஃபார்முலா, மத்ததுல மதிப்பு, அப்படியே நிக்கும்.

எதை வேரியபிள்ல வைக்கணும் எதை செல்லுல வைக்கணும்னும் கேப்பாங்க. மாட்யூல் தலையில பப்ளிக் வேரியபிள் வெச்சா மேக்ரோ முடிஞ்சும் மதிப்பு நிக்கும்தான், ஆனா நடுவுல ஒரு எரர் வந்து எண்ட் பட்டனை அமுக்கிட்டாலோ கோடுல எண்ட்னு ஒரு வரி ஓடிட்டாலோ எல்லாம் சுத்தமா போயிடும், ஃபைலை மூடினாலும் போயிடும். நாளைக்கும் வேணும்ங்கற எதையும் அதை நம்பி விடக்கூடாது. கட்-ஆஃப் மார்க், ஃபோல்டர் பாதை, வருஷம் இதெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஷீட்ல செல்லுல வெச்சு, அந்த செல்லுக்கு பேர் குடுத்து, மேக்ரோ ஆரம்பத்துல ரேஞ்ச்("கட்டாஃப்").வேல்யூ2ன்னு வாங்கிக்கறது நல்லது. கோடு தெரியாத ஆளும் மாத்திக்கலாம், ரோ சேர்த்தாலும் பேர் கூடவே நகரும். நடு கணக்குக்கு உதிரி செல்லை யூஸ் பண்ணி, இசட் காலத்துல ஒளிச்சு வைக்கறாங்களே, அது மட்டும் எனக்கு பிடிக்கவே பிடிக்காது, அதுக்குத்தான் வேரியபிள் இருக்கு.

எக்ஸெல் இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. லிப்ரெஆபீஸ் பேசிக்ல கெட்செல்பைபொசிஷன்(0, 0)தான் ஏ1, 0ல இருந்து எண்ணும், அதுவும் காலம் முதல்ல ரோ அப்புறம், எக்ஸெல் செல்ஸுக்கு நேர் எதிர். அங்க நம்பருக்கு .வேல்யூ, எழுத்துக்கு .ஸ்ட்ரிங்னு நீங்களே தேர்ந்தெடுக்கணும், எழுத்து இருக்கற செல்லுல .வேல்யூ கேட்டா 0 குடுத்துட்டு சும்மா இருக்கும். கூகுள் ஷீட்ஸ்ல கெட்ரேஞ்ச்(1, 1) 1ல இருந்து எண்ணும், கெட்வேல்யூஸ் தர்ற அரே 0ல இருந்து எண்ணும், ரெண்டையும் ஒரே வரியில கலக்கும்போது ஒண்ணு கூட்டணுமா கழிக்கணுமான்னு விரலை மடக்கி பார்த்துக்குங்க.

தமிழ்ல டேட்டா வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற முறை) தெரியாது, கோடுக்குள்ள மேற்கோள்ல தமிழ் அடிச்சா கேள்விக்குறி கேள்விக்குறியா வந்து நிக்கும். டீபக்.ப்ரிண்ட்லயும் மெசேஜ்பாக்ஸ்லயும் அதே கேள்விக்குறிதான். அதைப் பார்த்துட்டு வேரியபிள்ல தமிழ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடறாங்க, கெடல, ஸ்ட்ரிங் வேரியபிள் உள்ளுக்குள்ள யூனிகோட்தான், காட்டற ஜன்னலுக்குத்தான் தெரியல. ஏ1ல தமிழ் பேரு இருந்தா அதை ஸ்ட்ரிங்ல வாங்கி பி1ல எழுதி பாருங்க, ஒரு புள்ளி மாறாம வரும். அதனால தலைப்பு, செய்தி மாதிரி தமிழ் வாக்கியம் எதுவா இருந்தாலும் கோடுல அடிக்காம ஷீட்ல ஒரு செல்லுல வெச்சுட்டு அங்கிருந்து வேரியபிள்ல எடுத்துக்குங்க. ஒரு எழுத்து ரெண்டு எழுத்துன்னா சிஹெச்ஆர்டபிள்யூ போதும், 2949 குடுத்தா அ வரும். லென், லெஃப்ட், மிட் போடும்போது மட்டும் உஷார், "தமிழ்"ங்கற வார்த்தைக்கு லென் 3 இல்ல 5, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும், லெஃப்ட்(பேரு, 2)ன்னு வெட்டினா "தம"ன்னுதான் கிடைக்கும், இகரக் குறி அந்தப் பக்கம் தங்கிடும்.